நொச்சிமேட்டுப் பால்வாடியில் பண்பாட்டு நாள்

தெய்வநாயகி டீச்சரிடம் யாராவது நல்ல சேதி சொன்னால் முதலில் அவள் உதடு ஒரு பக்கமாகச் சுழிக்கும். பிறகுதான் சேதி காதில் ஏறும். ரோடு போடப் போகிறார்கள் என்றாலும் சரி, யாருக்கோ வரன் அமைந்தது என்றாலும் சரி, அந்தச் சுழிப்பைத் தாண்டித்தான் எதுவும் அவளிடம் போக முடியும். நொச்சிமேட்டுக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. அவள் புருஷன் சடையப்பனுக்கு இன்னும் நன்றாகப் பழகிவிட்டது. உப்பளத்து மேஸ்திரியான அவன் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை அவள் பல் துலக்கி முடிப்பதற்குள் பேசிவிடுவாள்.

மரக்காணத்திலிருந்து உப்பளங்களை ஒட்டிப் போகும் மண்பாதையில் மூன்று கிலோமீட்டர் போனால் நொச்சிமேடு. அந்த ஊர் பால்வாடியில் அவளுக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். பத்தாவது பாஸ் செய்த மருமகள் ஊருக்கே அவள் ஒருத்திதான் என்பதால் கிடைத்த வேலை. ஓட்டுக் கட்டடம், ஒரு சமையல் அறை, முன்னால் வேலி போட்ட மணல் முற்றம், இருபத்திரண்டு பிள்ளைகள். சமைக்க லட்சுமியம்மாள். லட்சுமியம்மாளுக்கு முட்டிவலி. முட்டிவலி இல்லாத நாளில் ஊர்வம்பு.

ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மழை பெய்தால் அது நிலம், பெய்யாவிட்டால் பொட்டல். ஆகவே தை பிறந்ததும் ஆணும் பெண்ணும் உப்பளத்துக் கூலிக்குத்தான் போவார்கள். ஊருக்குக் கிழக்கே ஓடைக்கரையில் ஏழு இருளர் வீடுகள் இருந்தன. அவர்களும் அதே உப்பளத்துக்குப் போய், அதே பாத்தியில் இறங்கி, அதே பலகையால் உப்பு வாரினார்கள். பாத்திக்குள் யாரும் யாரையும் தள்ளி நில் என்று சொன்னதில்லை. தள்ளி நின்றால் உப்பு கரைக்கு வராது. ஊருக்குள் கால் வைத்ததும்தான் எல்லாருக்கும் ஜாதி ஞாபகம் வரும்.

பால்வாடிக்கு வருகிற இருளர் பிள்ளைகள் மூன்று பேர். மூவரும் வாசற்படி ஓரமாக உட்காருவார்கள். மற்ற பிள்ளைகளுக்கு எவர்சில்வர் தட்டு. அந்த மூவருக்கும் அலுமினியத் தட்டு. அலுமினியத் தட்டுகள் மூன்றும் வெளிப்பக்கத்து ஜன்னல் மேடையில் கவிழ்ந்து கிடக்கும். அவற்றை அங்கே வைத்தது தெய்வநாயகிதான். வேலைக்குச் சேர்ந்த வருஷம், வார்டு மெம்பராக இருந்த குப்புசாமி சொன்னார், வைத்தாள். அப்புறம் தட்டுகள் நசுங்கி இரண்டு முறை மாறின. இடம் மாறவில்லை.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் வந்தபோது குப்பங்களில் உயிர் போனது. நொச்சிமேட்டில் ஓடை வழியாக ஏறிய தண்ணீர் இருளர் குடிசைகளில் முழங்கால் அளவு நின்று வடிந்தது, அவ்வளவுதான். ஆனால் நிவாரண ஜீப்புகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கடற்கரை நெடுகப் போனவை இங்கேயும் திரும்பின. முதலில் பாய் வந்தது, பாத்திரம் வந்தது, புடவை வந்தது. பாயும் பாத்திரமும் தீர்ந்துபோன பிறகு பயிற்சி வந்தது.

பயிற்சி கொண்டுவந்த டிரஸ்டின் பெயரை முழுசாக எழுதினால் பாதிப் பக்கம் போய்விடும். ஊரில் அதை டிரஸ்ட் என்றே சொன்னார்கள். அடுத்த வருஷம் தீபாவளி கழிந்து, வானூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், நாற்பது பால்வாடி டீச்சர்களுக்கு மூன்று நாள் வகுப்பு. குழந்தைகளுக்குப் பண்பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் வேற்றுமை போய்விடும், எல்லாரும் எல்லாரையும் சேர்த்துக்கொள்வார்கள் என்பது வகுப்பின் சாரம். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் கதர் ஜிப்பா போட்டிருந்தார். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து ஒரு நூல்கண்டை எடுத்தார். கண்டு யார் கைக்கு வருகிறதோ அவர் தன் பண்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நூலைப் பிடித்துக்கொண்டு கண்டை அடுத்தவருக்கு வீச வேண்டும். ஒருத்தி கோலம் என்றாள். இன்னொருத்தி விருந்தோம்பல் என்றாள். கண்டு தெய்வநாயகியிடம் வந்தது.

"உப்புங்க" என்றாள்.

"அது தொழில் மேடம். நான் பண்பாடு கேட்டேன்."

"அப்ப எங்க ஊருல அது இல்லீங்க" என்று சொல்லிக் கண்டை வீசினாள். மண்டபம் சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார், சிரித்துவிட்டு அவள் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

மத்தியானம் டீச்சர்களுக்கு வெளியே பந்தலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். கை கழுவப் போன தெய்வநாயகி, மண்டபத்து உள்ளறைக் கதவு திறந்தபோது எட்டிப் பார்த்தாள். பயிற்சியாளர்களுக்கு உள்ளே தலைவாழை இலை, அப்பளம், பாயசம், தலைக்குமேல் ஓடும் ஃபேன். திரும்பி வந்து பக்கத்திலிருந்தவளிடம், "உள்ள அவங்க பண்பாடு நடக்குது, வெளிய நம்ம பண்பாடு" என்றாள். ஊருக்குத் திரும்பியதும் இந்தக் கதையை இருபது பேரிடமாவது சொன்னாள். சொல்லும்போதெல்லாம் பாயசத்தில் முந்திரிப்பருப்பு கூடிக்கொண்டே போனது.

பொங்கல் கழிந்த வாரம் சத்யப்ரியா வந்தாள். டிரஸ்டின் கள அலுவலர். இருபத்தைந்து வயது இருக்கும். புதுச்சேரியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். உப்பளக் காற்றில் உதடு வெடித்து, அதன்மேல் எதையோ தடவிக்கொண்டே பேசுவாள். கெட்ட பெண் இல்லை. தெய்வநாயகிக்கு அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

அவள் கொண்டுவந்தது ஒரு பெரிய படம். பண்பாட்டு மூலை என்று ஒரு மூலையை ஒதுக்கி அங்கே மாட்ட வேண்டுமாம். மேலே 'நம் ஊர், நம் உறவு' என்று எழுதி, கீழே மூன்று பேர் கைகோத்து நின்றார்கள். தலைப்பாகை கட்டி ஏர் பிடித்த விவசாயி. தோளில் வலை போட்ட மீனவர். மூன்றாவது ஆள் இடுப்பில் இலை கட்டி, கையில் படமெடுத்த பாம்பைப் பிடித்திருந்தான். அடியில் 'இருளர்' என்று எழுதியிருந்தது.

தெய்வநாயகி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். நொச்சிமேட்டில் ஏர் பிடித்த கடைசி ஆள் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இப்போது டிராக்டர். ஊரில் மீனவர் ஒருவரும் கிடையாது. மரக்காணத்தில் மாட்டுகிற படத்தில் ஒரு கல் உப்புகூட இல்லை.

"இந்தப் படம் எங்க போட்டது?"

"சென்னைல டீச்சர். எல்லா சென்டருக்கும் ஒரே மெட்டீரியல்தான். குழந்தைங்க டெய்லி பாத்தா டைவர்சிட்டி மனசுல பதியும்."

"நல்லா பதியும்" என்றாள் தெய்வநாயகி. ஆனாலும் மாட்டினாள். மாட்டச் சொல்லி மேலே இருந்து தாள் வந்திருந்தது. தாள் வந்தால் அவள் எதையும் மாட்டுவாள். பதினேழு வருஷத்தில் கற்றுக்கொண்டது அது.

மறுநாள் காலையில் பாஞ்சாலை தன் மகள் பொன்னியை விட வந்தாள். ஓடைக்கரை இருளர் வீடுகளில் மூன்றாவது வீடு அவளுடையது. புருஷன் மாயவன் உப்பளத்தில் வேலை செய்தான். பாஞ்சாலை மழைக்காலத்தில் ஓடையில் கையால் தடவி இறால் பிடிப்பாள், மற்ற நாளில் அவளும் பாத்திக்குப் போவாள். பொன்னிக்கு நாலேமுக்கால் வயது. யார் என்ன கேட்டாலும் முதலில் 'எதுக்கு' என்று திருப்பிக் கேட்கிற பிள்ளை.

பாஞ்சாலை வாசற்படிக்கு வெளியே நின்றே படத்தைப் பார்த்தாள்.

"டீச்சரு, அது யாரு?"

"உங்க ஆளுங்களாம்."

"கையில பாம்பு எதுக்கு?"

"அதான் உங்க பண்பாடாம். அந்த ஸ்கூட்டிப் பொண்ணு சொல்லுது."

"எங்க ஊட்டுக்காரரு பாம்பக் கண்டா பக்கத்துப் பாத்தியச் சுத்திக்கினு போவாரு டீச்சரு. எங்க மாமனாரு காலத்துல புடிச்சாங்க. அவரும் சட்டை போட்டுக்கினுதான் புடிச்சாரு."

தெய்வநாயகிக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கதையும் இருபது பேரிடம் போகும் என்று நினைத்தாள். அதற்குள் பாஞ்சாலை இன்னொன்று சொன்னாள். குத்திக்காட்டுகிற தொனியே இல்லை. பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"படத்துல மட்டும் ஒண்ணா கைய கோத்துக்கினு நிக்கிறாங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் மேடையிலிருந்து ஒரு அலுமினியத் தட்டை எடுத்தாள். கவிழ்த்து வைத்தும் அதில் மணல் இருந்தது. முந்தானையால் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தெய்வநாயகிக்கு அன்று பகல் முழுக்க வாயில் ஒரு சொல்லும் ருசிக்கவில்லை. வானூர் மண்டபத்துப் பாயசத்தைப் பற்றி எத்தனை நக்கல் அடித்திருக்கிறாள். உள்ளே ஒரு பந்தி, வெளியே ஒரு பந்தி என்று ஊரெல்லாம் சிரிக்கவைத்தவள் பால்வாடியில் நடத்தியது என்ன? அந்த ஜிப்பாக்காரராவது பொட்டலத்தை நல்ல தாளில் மடித்துக் கொடுத்தார். தன்னைப் பற்றியே உதட்டைச் சுழிக்க நேர்ந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அது அவ்வளவு சுகமாக இல்லை.

சாயங்காலம் சடையப்பன் காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள். நீட்டி, வளைத்து, டிரஸ்டைத் திட்டி, குப்புசாமியைத் திட்டி, கடைசியில்தான் தட்டுக்கு வந்தாள்.

"தட்ட அங்க யாரு வெச்சது?" என்று கேட்டான்.

"நான்தான்."

"அப்ப நீயே எடு" என்று சொல்லி அடுத்த காலைக் கழுவினான்.

மறுநாள் பழைய சாமான்காரன் மணியடித்துக்கொண்டு வந்தான். மூன்று அலுமினியத் தட்டுகளையும் அவன் கூடையில் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கி, இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். மத்தியானம் எல்லாருக்கும் எவர்சில்வர் தட்டு, ஒரே வரிசை. பொன்னி தட்டில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே சாம்பார் சாதத்தை ஆறவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் தங்கள் சாதத்தில்தான் கவனமாக இருந்தார்கள். கவனித்தது லட்சுமியம்மாள். சேதி அவள் முட்டியைவிட வேகமாக நடந்தது.

குப்புசாமி வந்தார். இப்போது மெம்பர் இல்லை. ஆனால் நாற்பது பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தார், அதனால் மெம்பராக இருந்ததைவிடக் குரல் கூடியிருந்தது. அவர் பேத்தி கீர்த்தனாவும் அங்கேதான் படித்தாள்.

"இன்னா டீச்சர், புதுசா ஏதோ பண்றியாம்."

"தட்டு பழசாயிடுச்சுண்ணா. மாத்திட்டேன்."

"தட்டு மாத்துனா சரி. எடத்த எதுக்கு மாத்துன?"

"உங்க பாத்தியில மாயவன் வாருன உப்பத்தான் இந்த சாம்பார்ல போட்டிருக்கேன். அதுக்குத் தனி டப்பா வெக்கட்டுமா?"

குப்புசாமி கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் பத்தொன்பது பிள்ளைகள் வரவில்லை.

ஒன்பது நாள். மூன்று பிள்ளைகளும் ஒரு டீச்சரும். லட்சுமியம்மாள் முட்டிவலி என்று படுத்துவிட்டதால் சமையலும் தெய்வநாயகிதான். ஊரில் பேசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்தன. அவள் வீம்பில் நின்றாள். நல்லெண்ணம் என்று யாராவது சொன்னால் அவளே உதட்டைச் சுழித்திருப்பாள். குப்புசாமியிடம் தோற்கக் கூடாது, பாஞ்சாலை முகத்தைப் பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

நாலாம் நாள் சத்யப்ரியா வந்து காலியான கூடத்தைப் பார்த்து அரண்டுபோனாள்.

"டீச்சர், பேரன்ட்ஸ வெச்சு ஒரு டயலாக் பண்ணலாம். நான் பொம்மலாட்டம் எடுத்துட்டு வர்றேன். ஒற்றுமை பத்தி ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு."

"ஒரு வாரம் பொறும்மா. பாத்தி காயட்டும்."

"எந்தப் பாத்தி?"

"உப்புப் பாத்தி."

சத்யப்ரியாவுக்குப் புரியவில்லை. மரக்காணத்தில் ஒரு வருஷமாக வேலை பார்க்கிறவள் உப்பு எப்போது வாருவார்கள் என்று கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் குப்புசாமியின் பாத்திகளில் முதல் உப்பு விளைந்தது. விடியுமுன்னே பெண்கள் எல்லாரும் வேலைக்கு வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார். வந்தார்கள், இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகப் பிள்ளைகளோடு. பிள்ளைகள் வரப்பில் ஓடி, பாத்தியில் இறங்கி, வாரிக் குவித்த உப்பில் ஏறிச் சறுக்கினார்கள். குப்புசாமிக்குத் தாங்கவில்லை. "புள்ளைங்கள எதுக்குடி இங்க இட்டுக்கினு வர்றீங்க, பால்வாடி இன்னாத்துக்கு இருக்குது" என்று வரப்பில் நின்று கத்தினார். சடையப்பன் அதைத் தன் காதால் கேட்டான். அன்று சாயங்காலம் அப்படியே வீட்டில் வந்து சொன்னான்; அவன் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

அடுத்த நாள் பொழுது வெளுக்கும்போதே பால்வாடி வேலிக்கு முன்னால் பதினெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். தாய்மார்கள் டீச்சர் முகத்தைப் பார்க்காமல் படலைத் திறந்து பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு ஓடினார்கள். இரண்டு நாள் கழித்துக் கீர்த்தனாவும் வந்தாள். கூட விளையாடும் சேர்த்தாளிகள் எல்லாம் பால்வாடிக்குப் போய்விட்டதால் வீட்டில் ஒரே அழுகையாம். யாரும் மனம் மாறவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒன்பது நாள் நின்ற ஜாதி ஒரு நாள் கூலிக்கு முன்னால் நிற்க முடியாமல் போனது. தெய்வநாயகி ஒரே வரிசையில் இருபத்திரண்டு தட்டுகளை வைத்தாள்.

டிரஸ்ட் இதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டது. பண்பாட்டு மூலை வைத்த ஒரே மாதத்தில் அதிசய மாற்றம் என்று அறிக்கை போனது. வெளிநாட்டிலிருந்து பணம் கொடுக்கிறவர்கள் நேரில் பார்க்க விரும்பினார்கள். நொச்சிமேட்டில் பண்பாட்டு நாள் என்று முடிவாயிற்று: ஒவ்வொரு சமூகத்துக் குழந்தையும் தன் பாரம்பரிய உடையில் வந்து மேடையில் கைகோத்து நிற்க வேண்டும். தேதி மார்ச் பதினாலு.

தேதியைக் கேட்டதும் பாஞ்சாலை தலையாட்டினாள். "அன்னிக்கு நாங்க இருக்க மாட்டோம் டீச்சரு. மாசிமகம். ஏழு ஊட்டுக்காரங்களும் மாபலிபுரம் போயிடுவோம்."

மாசிமகத்துக்கு எங்கெங்கோ இருக்கும் இருளர்கள் எல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். மணலில் புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கி, விடியலில் கன்னியம்மாளைக் கும்பிட்டு, பெண் பேசி, கல்யாணம் முடித்துத் திரும்புவார்கள். வருஷம் முழுக்கப் பாத்தியில் கிடக்கிறவர்களுக்கு அந்த மூன்று நாள்தான் சொந்த நாள்.

தெய்வநாயகி இதைச் சத்யப்ரியாவிடம் சொன்னாள். அந்தப் பெண் முகம் வெளுத்துவிட்டது.

"வேற நாள் போக முடியாதா டீச்சர்? அவங்களுக்கு ஃபிளைட் டிக்கெட் போட்டாச்சு."

"மாசிமகத்த வேற நாள் வெக்கணும்னா நிலாகிட்டதான் பேசணும்."

"ஐயோ, இருளர் கிட்ஸ் இல்லன்னா புரோகிராமே இல்லையே."

"அவங்க பண்பாட்டுக்குப் போறாங்கம்மா. நீ நாளு வெச்சிருக்கிறது இன்னாத்துக்கு?"

சத்யப்ரியா அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் போட்டாள். இரண்டு முறையும் மறுபக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். தேதி மாறவில்லை.

பதிமூன்றாம் தேதி காலை ஏழு வீட்டுக்காரர்களும் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறினார்கள். பொன்னி, சந்தையில் வாங்கிய மஞ்சள் கவுன் போட்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் கேட்டு அடம்பிடித்துப் போனாள்.

மறுநாள் பந்தல், மைக், பிளாஸ்டிக் நாற்காலி. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றும், கதர் ஜிப்பாக்காரரும், இன்னும் நாலு பேரும் வேனில் இறங்கினார்கள். விருந்தினருக்குச் சால்வை போர்த்தக் குப்புசாமி முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். சமையல் அறைக்குள் சத்யப்ரியா ஒரு பையைப் பிரித்தாள். துணியில் தைத்த பச்சை இலைப் பாவாடை, ரப்பர் பாம்பு ஒன்று. போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பிள்ளைகளை வரிசையாகப் பார்த்தாள். ரப்பர் பாம்பைக் கண்டதும் கீர்த்தனா தானாகவே ஓடிவந்து, "எனக்கு, எனக்கு" என்று பிடுங்கிக்கொண்டாள்.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. வேற வழி இல்ல. சின்னப் புள்ளதானே" என்றாள் சத்யப்ரியா.

தெய்வநாயகி நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பாவாடை நாடாவை அவளே இறுக்கிக் கட்டிவிட்டாள்.

மேடையில் ஒரு பிள்ளை தலைப்பாகையோடு வந்தது, ஒரு பிள்ளை வலையோடு வந்தது, கீர்த்தனா பாம்பைச் சுழற்றிக்கொண்டே வந்தாள். ஜிப்பாக்காரர் மைக்கில் ஆங்கிலத்தில் முழங்கினார். வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேத்தி மேடையேறிய பெருமையில் குப்புசாமிதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். பக்கத்து நாற்காலியில் திண்டிவனம் காலேஜில் படிக்கும் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் சாய்ந்து, "இன்னா சொல்றாரு?" என்று கேட்டார்.

"இருளர் வீட்டுப் பொண்ணாம். இதுக்கு முன்னால பள்ளிக்கூடத்த எட்டிப் பாத்ததே இல்லியாம். இவங்கதான் கொண்டாந்து சேத்தாங்களாம்" என்றான் அவன், உள்ளதை உள்ளபடி.

குப்புசாமியின் கை தட்டின இடத்திலேயே நின்றது. சால்வை மடியிலிருந்து வழுக்கி விழுந்தது. எழுந்து கத்தவும் முடியவில்லை. வெள்ளைக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பதிலுக்குக் கும்பிட்டார். கூட்டம் கலைந்தபிறகுதான் தெய்வநாயகியிடம் வந்தார்.

"எம்பேத்திய இப்பிடி நிக்க வெச்சிட்டியே."

"வேஷந்தானேண்ணா. கழட்டிட்டோம். ஒட்டிக்கலயே."

அவர் வாயைத் திறந்தார். தெய்வநாயகி அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள். ஒட்டிக்கொள்ளாது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் மட்டும் எப்படி ஒட்டும் என்று கேட்க நாக்கு நுனியில் வைத்திருந்தாள். அவர் எதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். சொல்ல வாய்ப்புக் கிடைக்காத அந்தப் பேச்சு பல நாள் அவளுக்குள் வீணாகப் புளித்துக்கொண்டிருந்தது.

வேன் போனதும் சத்யப்ரியா சமையல் அறைப் படியில் உட்கார்ந்து அழுதாள். தெய்வநாயகி டீ போட்டுக் கொடுத்தாள். "வேலைய வுட்டுடலாமான்னு இருக்கு டீச்சர்" என்றாள் அந்தப் பெண். "வுட்டுட்டு? அடுத்தவ வருவா, பாம்பு பெருசா எடுத்துக்கினு. நீயே இரு" என்றாள் தெய்வநாயகி. ஆறுதல் சொல்ல அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மூன்று நாள் கழித்துப் பொன்னி திரும்பி வந்தாள், காது மடலில் கடல் மணலோடு. முற்றத்தில் போய் உட்கார்ந்து மணலைக் குவித்தாள். ஒன்று, இரண்டு என்று ஏழு மேடு. ஒவ்வொன்றின் தலையிலும் வேலியில் பறித்த பூவைச் செருகினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். இது எதுக்கு, அது யாரு என்று கேட்டார்கள். "கன்னிம்மா. ஏழு பேரு. தொடாத, அலை வந்தாதான் போவாங்க" என்றாள். அலைக்கு எங்கே போவது? ஒருவன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். யார் ஊற்றுவது என்று சண்டை வந்தது. கீர்த்தனா கிட்டே வந்தபோது, மேடையில் நடந்ததைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருந்த பொன்னி கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ வராத. நீ பாம்பு பொண்ணு."

கீர்த்தனா ஓ என்று அழுதாள். தெய்வநாயகி எழுந்துபோய்த் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. பொன்னியையும் அதட்டினாள், ஓடைக்கரைப் பிள்ளை என்று சலுகை காட்டவில்லை. ஏழாவது மேட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிற உரிமை கீர்த்தனாவுக்குக் கிடைத்தது. படம் பிடிக்க யாரும் இல்லை.

ஜூன் மாதம் குப்புசாமி பேத்தியை மரக்காணத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வேனில் அனுப்பினார். காலையில் வேன் பால்வாடியைத் தாண்டும்போது ஹார்ன் அடிக்கச் சொல்லியிருந்தாரோ என்னவோ, தினமும் அடித்தது. பொன்னி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்தாள். முதல் நாளே வாத்தியாரிடம் 'எதுக்கு' என்று கேட்டு வெளியே நின்றாள். டிரஸ்ட் திட்டம் முடிந்தது என்று கிளம்பியது. போகும்போது பண்பாட்டு நாள் படங்கள் போட்ட ஒரு புத்தகம் அனுப்பினார்கள், வழவழப்பான தாளில். தெய்வநாயகி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு லட்சுமியம்மாளிடம் கொடுத்தாள். அவள் ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தாள். வழவழப்புத் தாள் சரியாக எரியவில்லை என்று அதற்கும் ஒரு புகார்.

அந்த வருஷம் ஐப்பசியில் லட்சுமியம்மாளின் முட்டிவலி உண்மையாகவே வந்துவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சமைக்க ஆள் வேண்டும். தெய்வநாயகி ஊர்ப்பெண்கள் இரண்டு பேரைக் கேட்டாள். சம்பளம் மேலே இருந்து எப்போது வரும் என்று தெரியாது என்றதும் நழுவினார்கள். பாஞ்சாலையைக் கேட்டாள்.

"நானா? நான் ஆக்கினா துண்ணுவாங்களா டீச்சரு?"

"புள்ளைங்க துண்ணும். பெருசுங்களுக்கு நீ ஆக்கப் போறதில்ல."

பாஞ்சாலை வந்தாள். கை கழுவி, அரிசி களைந்து, பருப்பு வேகவைத்தாள். அவள் கை நிதானமாக இருந்தது. தெய்வநாயகிதான் படலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் மறுபடி கேட்டார்கள். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த ஒரு தாய், சமையல் அறையில் பாஞ்சாலையைப் பார்த்து நின்றாள்.

"யாரு டீச்சர் ஆக்கினது?"

"பாஞ்சால."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இந்தத் தடவை தெய்வநாயகியிடம் எந்தக் கணக்கும் இல்லை. மழைக்காலம். பாத்திகள் எல்லாம் தண்ணீரில் முழுகிக் கிடந்தன. யாருக்கும் வேலைக்குப் போகிற அவசரம் கிடையாது. தாய்மார்கள் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். யாரும் வரப்போவதில்லை என்று சடையப்பனிடம் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினாள். தூறல் போட்டது. படலைத் திறந்து, பாயை உதறிப் போட்டு, உதட்டைச் சுழித்துத் தயாராக உட்கார்ந்தாள்.

முதலில் இருளர் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். இந்த வருஷம் ஒன்று கூடியிருந்தது. கொஞ்ச நேரம் யாரும் இல்லை. பிறகு தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஊர்த்தெருவிலிருந்து ஒரு பெண், ஒரு பிள்ளையோடு வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பத்தரை மணிக்குள் ஏழு ஊர்ப்பிள்ளைகள். மற்ற பத்துப் பேர் வரவில்லை. அவர்களில் சிலர் அப்புறமும் வரவே இல்லை.

வந்த ஒருத்தியை நிறுத்தி, "மழையில எதுக்குக் கொண்டாந்த?" என்று கேட்டாள் தெய்வநாயகி. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நேத்து சாம்பார் நல்லா இருந்துச்சாம். இன்னிக்கும் அதான் வேணுமாம்" என்றாள் அவள்.

தெய்வநாயகி உள்ளே திரும்பி, "பாஞ்சால, பதினோரு பேருக்கு உல வை" என்றாள்.